இரட்டைக் கரு: கேட்கக் கூடாத கேள்வியும், கேட்டே ஆக வேண்டிய கேள்வியும்

"உள்ளே ரெண்டு இருக்கும்மா" என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்ன அடுத்த பத்தாவது நிமிடம், குடும்ப வாட்ஸ்அப் குரூப் பற்றிக்கொள்ளும். "ஒட்டு வாழைப்பழம் சாப்பிட்டியா?" என்று சித்தி கேட்பார். "எங்க பக்கம் யாருக்கும் ரெட்டை இல்லையே, உங்க பக்கமா?" என்று மாமியார் விசாரிப்பார். "ஒன்னு பையன், ஒன்னு பொண்ணுன்னா எவ்ளோ நல்லா இருக்கும்!" என்று ஒரு பெரியம்மா ஆசைப்படுவார். ரெண்டும் ஒரே ஜாடையில் இருக்குமா, நார்மல் டெலிவரி ஆகுமா, செலவு எவ்வளவு ஆகும் என்று வரிசையாக வரும்.

இதில் ஒரு கேள்வியைக் கேட்கவே கூடாது. பையனா பொண்ணா என்ற கேள்விதான் அது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சொல்பவருக்கு மட்டுமல்ல, அதைத் தெரிந்துகொள்ள உதவி தேடிப் போகும் உறவினருக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஒரு குழந்தை என்றாலும் ரெட்டை என்றாலும் சட்டம் ஒன்றுதான்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை குரூப்பில் யாரும் கேட்பதில்லை. "டாக்டர், நஞ்சுக்கொடி ஒன்னா, ரெண்டா?"

இரட்டைக் கர்ப்பத்தில் மற்ற எல்லாமே இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகின்றன: எத்தனை நாளுக்கு ஒரு ஸ்கேன், எந்த டாக்டர், எந்த வாரத்தில் பிரசவம், கடைசி மூன்று மாதம் எந்த ஊரில் இருப்பது. என் வாதம் எளிமையானது. அந்தப் பதில் 14-வது வாரத்துக்குள் காகிதத்தில் எழுதி வாங்கப்பட வேண்டும். பிறகு, தாய் எங்கே தங்குவது என்பதை வழக்கம் முடிவு செய்யக் கூடாது, அந்த ஒரு வரிதான் முடிவு செய்ய வேண்டும். திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் இது வெறும் மருத்துவப் பாடம் அல்ல, தூரக் கணக்கும்கூட.

இரட்டையில் எத்தனை வகை?

நமக்குத் தெரிந்த பிரிவு ஒன்றுதான்: ஒரே ஜாடை, வேறு ஜாடை. இரண்டு கருமுட்டைகள் தனித்தனியாகக் கருவுற்றால் வேறு ஜாடை. ஒரே கருமுட்டை கருவுற்று, பிறகு இரண்டாகப் பிரிந்தால் ஒரே ஜாடை. பிறந்த பிறகு பெயர் வைக்கவும் சட்டை வாங்கவும் இந்தப் பிரிவு போதும். கர்ப்ப காலத்துக்குப் போதாது.

வயிற்றுக்குள் முக்கியம், இரண்டு குழந்தைகளும் எதையெல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதுதான். தாயின் ரத்தத்திலிருந்து உணவையும் ஆக்ஸிஜனையும் எடுத்துக் கொடுக்கும் உறுப்பு நஞ்சுக்கொடி. (தொப்புள்கொடி என்பது குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் இணைக்கும் கயிறு. அது வேறு.) குழந்தை மிதக்கும் தண்ணீர்ப் பை பனிக்குடம். இந்த இரண்டையும் வைத்து மூன்று வகை.

முதல் வகையில் நஞ்சுக்கொடியும் இரண்டு, பனிக்குடமும் இரண்டு. ரிப்போர்ட்டில் 'டிசிடிஏ' என்று எழுதுவார்கள். ஒரே வீதியில் இரண்டு தனி வீடு மாதிரி. இரண்டாவது வகையில் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. இது 'எம்சிடிஏ'. அறை தனித்தனி, சமையலறை பொது. மூன்றாவது வகை அரிது: நஞ்சுக்கொடியும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று. இது 'எம்சிஎம்ஏ'. இரண்டு குழந்தைகளின் தொப்புள்கொடிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் ஆபத்து இதில் உண்டு.

வேறு ஜாடை இரட்டைகள் அநேகமாக எப்போதும் முதல் வகைதான். ஒரே ஜாடை இரட்டைகளில் கரு எந்த நாளில் பிரிந்தது என்பதைப் பொறுத்து மாறும். முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் இரண்டு நஞ்சுக்கொடி. நான்கு முதல் எட்டு நாளுக்குள் என்றால் ஒரு நஞ்சுக்கொடி. அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றாகிவிடும். 13-வது நாளைத் தாண்டினால் ஒட்டிப் பிறக்கும் இரட்டையர்.

அதனால் "நஞ்சு ரெண்டு இருக்கு, அப்ப ஒரே ஜாடை இல்லை" என்று சொல்வதும் தப்பு. ஜாடை பிறந்த பிறகு தெரியட்டும். இப்போது தெரிய வேண்டியது பங்கீடு.

ஏன் 14 வாரத்துக்குள்?

இரண்டு நஞ்சுக்கொடிகள் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தால், நாளாக நாளாக ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்கேனில் ஒன்று போலவே தெரியும். நடுவில் இருக்கும் சவ்வும் மெலிந்துவிடும். ஐந்தாம் மாதத்தில் போய் "ஒன்னா ரெண்டா?" என்று கேட்டால், கை தேர்ந்த ஸ்கேன் டாக்டரும் தயங்க வேண்டியிருக்கும்.

11 முதல் 14 வாரத்துக்குள் பார்த்தால் அடையாளம் தெளிவு. சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் முக்கோண ஆப்பு மாதிரி தடித்திருந்தால் அது 'லாம்டா' அடையாளம், நஞ்சுக்கொடி இரண்டு. மெல்லிய கோடாக நேரே போய் முட்டினால் அது 'டி' அடையாளம், நஞ்சுக்கொடி ஒன்று. அந்த இடத்தின் படத்தையும் ரிப்போர்ட்டோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பார்க்கும் எந்த டாக்டருக்கும் அதுதான் சாட்சி.

தெளிவாகத் தெரியவில்லை என்றால்? வேறொரு அனுபவசாலியிடம் உடனே காட்ட வேண்டும். அப்போதும் தெரியவில்லை என்றால், ஒரே நஞ்சுக்கொடி என்றே வைத்துக்கொண்டு கண்காணிக்க வேண்டும் என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல். தேவைக்கு மேல் நாலு ஸ்கேன் எடுப்பதில் பெரிய நஷ்டமில்லை. தேவையான ஸ்கேன் தவறினால் ஈடு கட்ட முடியாது.

ஒரே நஞ்சுக்கொடி என்றால் என்ன சிக்கல்?

பொதுச் சமையலறைப் பிரச்சினைதான். ஒரே நஞ்சுக்கொடிக்குள் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். பெரும்பாலும் வரவும் செலவும் சமமாக ஓடும். ஆனால் இப்படிப்பட்ட கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை, ரத்தம் ஒரே பக்கமாகப் பாயத் தொடங்கும். கொடுக்கும் குழந்தைக்கு ரத்தம் குறைந்து, சிறுநீர் குறைந்து, அதன் பனிக்குட நீர் வற்றும். வாங்கும் குழந்தைக்கு ரத்தம் மிகுந்து, பனிக்குட நீர் பொங்கி, இதயம் திணறும். மருத்துவத்தில் இதற்கு 'டிடிடிஎஸ்' என்று பெயர்.

இங்கே ஒரு விசித்திரம்: பாதிக்கப்படுவது வாங்குகிற குழந்தையும்தான். ஒன்று மெலிகிறது என்றால் மற்றது கொழிக்கிறது என்று நினைக்க வேண்டாம். நடு மாதங்களில் இது தீவிரமாகி, எதுவும் செய்யாமல் விட்டால், பெரும்பாலும் இரண்டுமே தங்காது.

நல்ல செய்தி, இதற்குச் சிகிச்சை உண்டு. தாயின் வயிறு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி, இணைந்திருக்கும் ரத்தக் குழாய்களை லேசரால் மூடுவார்கள். ஐரோப்பாவில் நடந்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. லேசர் செய்த தாய்மார்களில் 76 சதவீதம் பேருக்கு ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் தாண்டிப் பிழைத்தது. பனிக்குட நீரை மட்டும் அவ்வப்போது உறிஞ்சி எடுத்தவர்களுக்கு அது 56 சதவீதம். அதற்குப் பிறகு லேசரே முதல் தேர்வானது.

ஆனால் இந்த லேசர் எல்லா ஊரிலும் கிடையாது. பெரு நகரங்களில், பெரிய மருத்துவ நிறுவனங்களில், கருநல மருத்துவம் தனியாகப் படித்தவர்களிடம்தான் உண்டு. பிரச்சினை தீவிரமாக சில நாட்களே போதும் என்பதால்தான், ஒரே நஞ்சுக்கொடி என்றால் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்பது விதி. "போன மாசம்தானே பார்த்தோம், நல்லாத்தான் இருந்துச்சு" என்பது இந்த வகையில் செல்லாத வாக்கியம்.

ஸ்கேன் தேதிகளுக்கு நடுவிலும் தாயின் உடம்பு சொல்லும். வயிறு திடீரென்று பெருத்து இறுகுவது, படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரு வாரத்துக்குள் எடை சட்டென்று ஏறுவது. ரெட்டை என்றால் வயிறு பெருசாத்தான் இருக்கும் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஒதுக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

இரண்டு நஞ்சுக்கொடி என்றால் கவலையே இல்லையா?

ஆபத்து குறைவு, இல்லாமல் போகாது. எந்த வகை இரட்டையானாலும் 100-க்கு 60 கர்ப்பங்கள் 37 வாரம் முடிவதற்குள் பிரசவத்தில் முடிகின்றன. தாய்க்கு பிரஷர், சர்க்கரை, ரத்தசோகை வரும் வாய்ப்பும் ஒற்றைக் கர்ப்பத்தைவிட அதிகம். விரிந்த கர்ப்பப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்கத் தாமதித்தால் ரத்தப்போக்கும் மிகும். எனவே ரத்தம் கையிருப்பில் உள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும்.

இரண்டு குழந்தைகளின் எடையையும் ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியதன் எடையிலிருந்து சிறியதன் எடையைக் கழித்து, பெரியதன் எடையால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் வித்தியாசம் வரும். 1,000 கிராமும் 750 கிராமும் என்றால் 25 சதவீதம். 20-ஐத் தாண்டினால் நெருக்கமான கண்காணிப்பு, 25-ஐத் தொட்டால் கருநல நிபுணர். மொபைல் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான்.

தலைவலி விடவே இல்லை, கண் மங்குகிறது, மேல் வயிறு வலிக்கிறது, முகம் வீங்குகிறது என்றால் அது அசதி இல்லை. பிரஷர் பார்க்க வேண்டும். பாடகி பியோன்சே 2017-இல் இரட்டைக் குழந்தைகள் பெற்றபோது இந்தப் பிரச்சினையில்தான் அவசர சிசேரியனுக்குப் போனார், குழந்தைகள் வாரக் கணக்கில் தீவிர சிகிச்சையில் இருந்தார்கள் என்று அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். பணமும் வசதியும் இந்த ஆபத்தைத் தடுப்பதில்லை. சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருப்பதுதான் காப்பாற்றுகிறது.

ஏழாம் மாத வழக்கமும் 28-வது வாரமும்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் ஒரு பெண், பிறந்த வீடு திருவண்ணாமலை என்று வைத்துக்கொள்வோம். தலைப் பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, கலவை சாதம் கட்டி, அம்மா வீட்டுக்கு அழைத்து வருவார்கள். இனி பிரசவம் முடிந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்புவது. தலைமுறை தலைமுறையாக நடப்பது இதுதான்.

இந்த வழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. புகுந்த வீட்டு வேலையிலிருந்து பெண்ணுக்கு ஓய்வு கொடுக்க நம் முன்னோர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. ஆனால் அது ஒற்றைக் குழந்தைக்குப் போட்ட கணக்கு.

பத்து மாதம் சுமந்தேன் என்று சொல்கிறோம். 28 நாளை ஒரு மாதமாகக் கொண்டால் பத்து மாதம் 40 வாரம், கணக்கு சரி. இரட்டைக்கு அந்தக் கணக்கு ஓடாது. சிக்கல் இல்லாமல் போனால்கூட, இரண்டு நஞ்சுக்கொடி இரட்டைக்கு 37-வது வாரத்திலும், ஒரே நஞ்சுக்கொடி, இரண்டு பனிக்குட இரட்டைக்கு 36-வது வாரத்திலும், பனிக்குடமும் ஒன்று என்றால் 32 முதல் 34 வாரத்துக்குள்ளும் பிரசவத்தைத் திட்டமிடச் சொல்கிறார்கள். அதற்கு மேல் காத்திருந்தால் வயிற்றுக்குள்ளேயே குழந்தை இறக்கும் அபாயம் ஏறுகிறது. ஆக, ஒரே நஞ்சுக்கொடி இரட்டைக்கு நம் கணக்கில் ஒன்பதே மாதம்தான்.

அப்படியானால் ஏழாம் மாதம் என்பது நடு மாதம் அல்ல, கடைசிக் கட்டத்தின் வாசல். குறைமாத வலி வர அதிக வாய்ப்புள்ள அந்த நேரத்தில்தான் 200 கிலோமீட்டர் பயணம், புது ஊர், புது டாக்டர், பை நிறைய பழைய ரிப்போர்ட். இதுவரை வாரா வாரம் வளர்ச்சியைப் பார்த்து வந்த டாக்டரின் கண் அங்கே நின்றுபோகிறது. வழக்கம் முறிக்கும் தொடர்ச்சி இதுதான்.

மாற்று என்ன? வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. வளைகாப்பை ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை மாதத்தில் செய்வார்கள். ரெட்டை என்றால் ஐந்தாம் மாதமே செய்துவிடுங்கள். பிறந்த வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்து, ஆசைக்குச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பட்டும். அதுவும் அவருடைய டாக்டர் பயணத்துக்குச் சரி என்று சொன்னால்தான். பிறகு ஏழாம் மாதம் மகள் அம்மா வீட்டுக்கு வருவதற்குப் பதில், அம்மா மகள் வீட்டுக்குப் போகட்டும். இரண்டு குழந்தைக்கு நாலு கை போதாது. பாட்டியின் கை அங்கேதான் தேவைப்படும்.

திருவண்ணாமலையின் கணக்கு

சரி, திருவண்ணாமலையிலேயே வாழ்கிறவர்கள்?

ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறுவை சிகிச்சைப் பிரசவம், ரத்தம், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பெரிய பலம். இரண்டு நஞ்சுக்கொடி, இரண்டும் ஒரே சீராக வளர்கின்றன, தாய்க்கும் பிரஷர் இல்லை என்றால், ஊரை விட்டு ஓட வேண்டிய அவசியமில்லை. எந்த வாரம் வரை உள்ளூரில் பார்ப்பார்கள், எந்த எடைக்குக் கீழே என்றால் மேல் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

ஒரே நஞ்சுக்கொடி என்றால் கணக்கு மாறுகிறது. இங்கிருந்து வேலூர் ஏறத்தாழ 85 கிலோமீட்டர், புதுச்சேரி நூற்றுச் சொச்சம், சென்னை கிட்டத்தட்ட 200. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னையின் பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனைகள் என்று மூன்று திசைகளிலும் கதவு உண்டு. இதில் ஒன்றை 16-வது வாரத்துக்குள் தேர்ந்தெடுத்து, ஒரு முறையாவது போய், ஃபைல் போட்டுவிட வேண்டும். நள்ளிரவில் வலியோடு முதல் முறை போய் நிற்கும் இடமாக அது இருக்கக் கூடாது. வழக்கமான பரிசோதனை உள்ளூரில் நடக்கட்டும், நாலு வாரத்துக்கு ஒரு முறையாவது அங்கே காட்டட்டும். நடுவில் எப்போது ஓட வேண்டும் என்று இரு டாக்டர்களும் ஒரே காகிதத்தில் எழுதட்டும்.

இந்த ஊருக்கென்றே இன்னொரு கணக்கு உண்டு. மாதா மாதம் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஜனத்தால் நிறையும், வண்டிகள் திருப்பி விடப்படும். கார்த்திகை தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டு, ஊருக்குள் வண்டி வருவதே கட்டுப்படுத்தப்படும். தீபம் வருவதோ மழைக்காலத்தில். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் இறந்ததை ஊர் மறக்கவில்லை.

எனவே கர்ப்பம் உறுதியான அன்றே காலண்டரை எடுத்து, 28 முதல் 36 வாரம் எந்தத் தேதிகளில் வருகிறது, அதற்குள் எந்தப் பௌர்ணமி வருகிறது, தீபம் வருகிறதா என்று குறித்து வையுங்கள். கோயில் தெருக்களிலோ கிரிவலப் பாதை ஓரத்திலோ வீடு என்றால், அந்த நாட்களுக்கு முன்பே மருத்துவமனைக்கு எளிதாகப் போகக்கூடிய உறவினர் வீட்டுக்கு மாறிவிடுவது பக்திக் குறைவு அல்ல. ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வர வேண்டிய தாய்க்கு இது இன்னும் பல மடங்கு உண்மை. கொண்டை ஊசி வளைவுகளில் 108-ஐ எதிர்பார்த்து நிற்பதைவிட, 30-வது வாரத்திலேயே கீழே இறங்கிவிடுவது மேல்.

குறைமாத வலி வந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். 24 முதல் 34 வாரத்துக்குள் அது பெரிய பலன் தரும். ஆனால் பலன் முழுதாகக் கிடைக்க ஒரு நாளாவது ஆகும். அந்த ஒரு நாளைச் சம்பாதிப்பதுதான் முன்கூட்டிய திட்டத்தின் அர்த்தம். பிறந்த பிறகு இரண்டு குட்டிக் குழந்தைகளை இன்குபேட்டரில் ஏற்றிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கொண்டு சேர்ப்பது பத்திரம். கர்ப்பப்பையைவிட நல்ல ஆம்புலன்ஸ் இல்லை.

நல்ல நேரம் பார்க்கலாமா?

கோயில் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சிசேரியன் என்று முடிவானால் நட்சத்திரம் பார்த்து நாள் குறிப்பது பல வீடுகளில் நடக்கிறது. டாக்டர் கொடுக்கும் நாலைந்து நாளுக்குள் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. "மார்கழி வேண்டாம், தை பிறக்கட்டும்" என்று 36-ஐ 38 ஆக்குவதுதான் ஆபத்து.

அதேபோல, ரெட்டை என்றாலே சிசேரியன்தான் என்பதும் இல்லை. முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால், சிசேரியனைத் திட்டமிடுவதால் குழந்தைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு இல்லை என்று 25 நாடுகளில் 2,800 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013-இல் காட்டியது. ஆனால் அதற்கு இரட்டைப் பிரசவத்தில் அனுபவமுள்ள குழுவும், உடனே அறுவைக்கு மாறும் வசதியும் வேண்டும். மறுபடியும் இடம்தான் முக்கியம்.

"இப்படிப் பயமுறுத்தலாமா?"

நியாயமான எதிர்ப்பு. "எங்க பாட்டி ரெட்டையை வீட்டிலேயே பெத்தாங்க" என்பார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் நமக்குக் கதை சொல்ல வந்து சேர்ந்தவை பிழைத்த இரட்டைகளின் கதைகள். பிழைக்காதவற்றின் கதையை அந்த வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

இன்னொரு பக்கம், ரெட்டை என்று தெரிந்ததும் பெண்ணைக் கட்டிலோடு கட்டிப்போடுவதும் நடக்கிறது. அதுவும் வேண்டாம். மாதக் கணக்கில் படுத்தே இருப்பது குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. டாக்டர் குறிப்பாகத் தடுத்தாலொழிய நடக்கலாம், வேலை பார்க்கலாம். பயம் கட்டிலில் கிடத்தும், தகவல் காலண்டரில் தேதி குறிக்க வைக்கும். இந்தக் கட்டுரை கேட்பது இரண்டாவதை.

இரட்டைகள் அதிகமாகி வருகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உலக அளவில் 1980-களில் 1,000 பிரசவத்துக்கு 9 ஆக இருந்தது இப்போது 12 என்று 2021-இல் வெளியான கணக்கு சொல்கிறது. தாமதமான தாய்மையும் குழந்தைப்பேறு சிகிச்சைகளும் முக்கியக் காரணங்கள். 2019 செப்டம்பரில் குண்டூரில், 70 வயதைத் தாண்டிய ஒரு பெண் ஐ.வி.எஃப். மூலம் இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றபோது நாடே கைதட்டியது, டாக்டர்கள் பலர் கண்டித்தார்கள். 2021-இல் வந்த சட்டம் இந்தச் சிகிச்சைக்குப் பெண்ணின் வயது வரம்பை 50 என்று வைத்தது. சிகிச்சை மையத்தில் "ரெண்டு கரு வெச்சா வேலை ஒரே தடவையில முடிஞ்சிடும்" என்று ஆசைப்படும் தம்பதியர், அந்த இரண்டு கருவோடு வரும் ஆபத்தின் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்று போய்விட்டால்

இதைப் பேசாமல் முடிக்க முடியாது. எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு குழந்தை தவறலாம். ஒரே நஞ்சுக்கொடி என்றால் மற்ற குழந்தைக்கும் ஆபத்து: அதுவும் இறக்கும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம், பிழைத்தாலும் மூளை பாதிக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். அதனால்தான் உடனடியாகக் கருநல நிபுணர் பார்க்க வேண்டும்.

2022 ஏப்ரலில் கால்பந்து வீரர் ரொனால்டோவும் அவர் துணைவியும் இரட்டையரில் மகனை இழந்ததையும், மகள் பிழைத்ததையும் ஒரே அறிவிப்பில் சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய நிலைமைக்கு நம் ஊரில் சொல் இல்லை. "ஒன்னாவது பொழச்சுதே, அதை நினைச்சுச் சந்தோஷப்படு" என்கிறோம். ஆறுதல் போலத் தோன்றும் அந்த வாக்கியம், அழும் உரிமையைப் பிடுங்கிக்கொள்கிறது. கையில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்காக அழும் தாயை அழ விடுங்கள். அந்தக் குழந்தைக்கும் ஒரு பெயர் வைக்க நினைத்தால் வைக்க விடுங்கள்.

பிழைத்து, குறைமாதமாக வந்த குழந்தைக்குச் செய்யக்கூடிய எளிய பெரிய உதவி, தாயின் மார்போடு தோல் ஒட்ட அணைத்து வைப்பது. 'கங்காரு பராமரிப்பு' என்று பெயர். பிறந்த உடனே இதைத் தொடங்குவது சிறு குழந்தைகளின் இறப்பை 25 சதவீதம் குறைத்தது என்று இந்தியாவும் பங்கேற்ற ஆய்வு 2021-இல் காட்டியது. இரட்டைக்கு ஒரு மார்பு போதாது என்றால் அப்பா இருக்கிறார், பாட்டி இருக்கிறார்.

ஆபீஸும் அரசும் செய்ய வேண்டியது

வேலைக்குப் போகும் பெண்களுக்கு, 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கர்ப்பத்தாலோ குறைமாதப் பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால், சான்று காட்டி இன்னும் ஒரு மாதம் கேட்கலாம். 36-வது வாரத்தில் பிரசவம் என்றால் 28-லிருந்தே விடுப்பு தொடங்க முடியும். எச்.ஆரிடம் தேதியைக் கொடுக்கும்போது 40-ஐ வைத்துக் கணக்கிடாதீர்கள்.

மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்பு மருத்துவர் பரிசோதனை இலவசமாக நடக்கிறது. பிக்மி எண் ஒவ்வொரு தாய்க்கும் இருக்கிறது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள் என்றால் தமிழ்நாட்டில் 54. இவ்வளவு தூரம் வந்த மாநிலத்துக்கு அடுத்த அடி பெரிய செலவு இல்லை. நான் கேட்பது மூன்று.

ஒன்று: இரட்டை என்று எழுதும் எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டிலும், அரசானாலும் தனியாரானாலும், நஞ்சுக்கொடி எத்தனை என்ற வரியும் படமும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத ரிப்போர்ட் முழுமையற்றது என்று திருப்பிக் கொடுக்கும் பழக்கம் டாக்டர்களுக்கும் வர வேண்டும்.

இரண்டு: தாயின் அட்டையின் முதல் பக்கத்திலேயே அது பெரிய எழுத்தில் ஏற வேண்டும். 108 ஊழியரும், இரவுப் பணி நர்ஸும் முதல் பார்வையில் பார்க்க வேண்டிய தகவல் அது.

மூன்று: மலைக் கிராமத் தாய்மார்கள் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறை என்ற நல்ல ஏற்பாடு நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. அதை மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்களில் இரட்டைக் கர்ப்பிணிகளுக்கும் திறந்து விடுங்கள். கூட ஒரு துணை தங்க இடமும், மூன்று வேளைச் சாப்பாடும் இருந்தால், "எங்க போய் மாசக் கணக்கா தங்குறது?" என்ற கேள்வியில் தயங்கி நிற்கும் குடும்பங்கள் தயங்காமல் வரும்.

இது எதுவும் நாளைக்கே நடக்காது. நாளைக்கே நடக்கக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ, நட்பிலோ, ஆபீஸில் பக்கத்து சீட்டிலோ ஒருவர் ரெட்டையைச் சுமந்துகொண்டிருந்தால், வாழ்த்து ஸ்டிக்கர் அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "ரிப்போர்ட்ல நஞ்சுக்கொடி ஒன்னுன்னு போட்டிருக்கா, ரெண்டுன்னு போட்டிருக்கா?" பதில் தெரியவில்லை என்று வந்தால், இன்னும் 14 வாரம் ஆகவில்லை என்றால், அடுத்த ஸ்கேனுக்குத் தேதி வாங்கச் சொல்லுங்கள். 14 தாண்டியிருந்தால், பழைய ரிப்போர்ட்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.